மீதித் தொண்ணூறு

திருத்தங்கல்
10.1.2025

அன்புள்ள தங்கச்சி ஜெஸ்லினுக்கு அண்ணன் நேசகுமார் எழுதுவது.

இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், உன் சுகத்துக்காக ஜெபிக்கிறோம் என்று எழுதுவதுதான் வழக்கம். ஜெபித்தது உன் மதினி இன்பம். நான் இல்லை. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

உன் நம்பரை பிளாக் பண்ணி வைத்திருப்பது உண்மைதான். போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், உள்ளே படுத்திருக்கிற ஷைலா பயந்துபோவாள். கடிதம் என்றால் ஒருத்தர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் வாயை மூடிக்கொண்டு இருந்துதான் ஆக வேண்டும். அதற்காகத்தான் இத்தனை வருசம் கழித்துப் பேனாவை எடுத்திருக்கிறேன். ஃபோர்மேன் கையெழுத்து கோழி கிளறின மாதிரித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

கிறிஸ்மஸுக்கு வந்தவள் கேக்கைத் தின்றுவிட்டுப் போயிருக்கலாம். சுவரில் நான் ஒட்டி வைத்திருந்த ஹரிபிரசாத் மாஸ்டர் நோட்டீஸை என் கண் முன்னாலேயே கிழித்தாய். "மனிதன் தன் மூளையில் பயன்படுத்துவது நூற்றுக்குப் பத்தே! மீதித் தொண்ணூறை எழுப்புவோம்!" என்று போட்டிருந்ததே, அதை. "ஊரை ஏமாத்துற பய" என்றாய். சரி, அவர் பொய்யர் என்றே வைத்துக்கொள்வோம். முதன்முதலில் அதை எனக்குச் சொன்னது யார்?

மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். போன செப்டம்பர். எம். புதுப்பட்டியில் எங்கள் பட்டாசுக் கம்பெனி வெடித்து மூன்றாம் நாள். எனக்குச் சாப்பாடு கொடுக்க வந்த என் மகள் தலையில் சுவர் விழுந்து, மதுரை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். மூளையின் இடது பக்கம் நசுங்கிவிட்டது, பிழைத்தாலும் பழைய ஷைலாவாக வரமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ சென்னையிலிருந்து வந்து இறங்கி, பையைக்கூடக் கீழே வைக்காமல், என் தோளைப் பிடித்து உலுக்கினாய். "அண்ணே, மனுசன் மூளையில பத்து பங்குதான் வேலை பாக்கு. மிச்சம் தொண்ணூறு சும்மா கெடக்கு. நம்ம பிள்ளைக்கு அது அப்படியே இருக்குண்ணே" என்றாய். பதினெட்டு வருசமாக ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறவள் சொன்னாய். பாஸ்டர் வந்து ஜெபித்தார், எனக்குள் ஒன்றும் ஏறவில்லை. நீ சொன்னது ஏறியது. அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நின்றேன்.

எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். எங்கள் கம்பெனியில் நாற்பது ரூம். ஒன்றுக்கும் மற்றதுக்கும் நடுவே இடம் விட்டுத்தான் கட்டுவார்கள். ஒரு ரூம் போனால் அடுத்த ரூம் பிழைக்கட்டும் என்று. மூளையும் அப்படித்தான். ஆண்டவர் நூறு ரூம் கட்டிக் கொடுத்திருக்கிறார், நாம் பத்தில் மட்டும் வேலை பார்த்துவிட்டுச் செத்துப்போகிறோம். ஷைலாவுக்கு அந்தப் பத்தும் இடிந்துவிட்டது. பூட்டிக் கிடக்கிற தொண்ணூறைத் திறந்து ஆளை அங்கே மாற்றி உட்காரவைக்க வேண்டும். மாஸ்டர் செய்வது அதைத்தான். கண்ணைக் கட்டி, காதில் மணிச் சத்தம் போட்டு, நெற்றியைத் தட்டி எழுப்புகிறார்.

பலன் இல்லாமல் இல்லை. பதினான்கு சொல் பேசுகிறாள். அம்மா, தண்ணி, வலிக்கி, வேண்டாம், இப்படி. கணக்கும் வருகிறது. நாலு விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டால் "நாலு" என்று பட்டென்று சொல்கிறாள். இரண்டு விரலைக் காட்டினாலும் நாலு என்கிறாள்தான். அது இரண்டையும் இரண்டையும் பெருக்கிச் சொல்கிறாள், எண்ணுக்கான பகுதி திறக்கிறது என்கிறார் மாஸ்டர்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். வலிப்பு வராமல் இருக்க மதுரையில் கொடுத்த மாத்திரையைப் பொங்கலோடு நிறுத்துகிறேன். அது மூளையைத் தூங்கவைக்கிற மாத்திரையாம். எழுப்பவும் வேண்டும், தூங்கவைக்கவும் வேண்டும் என்றால் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. பிறகு தெரிந்து நீ குதிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

உன் அண்ணன்
நேசகுமார்

*

சென்னை
17.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் இன்றுதான் கிடைத்தது. பொங்கல் முடிந்துவிட்டது. மாத்திரையை நிறுத்தியிருந்தால் இந்த வரியோடு எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை. நான்தான் சொன்னேன். என் வாயால் அதே வார்த்தைகளில் சொன்னேன்.

எங்கிருந்து வந்தது தெரியுமா? நர்சிங் முதல் வருசம் படிக்கும்போது எங்கள் ஹாஸ்டலில் கூட்டம் நடத்த ஒரு பேச்சாளர் வந்தார். கோட்டு சூட்டு போட்டு, மேடையில் அங்கும் இங்கும் நடந்துகொண்டே, "நீங்கள் பயன்படுத்துவது பத்து! கர்த்தர் தந்தது நூறு!" என்றார். கை வலிக்கத் தட்டினோம். அடுத்த வாரமே மூளைப் படம் வரைந்து பாகம் குறித்தேன். எந்தப் பாகத்துக்கு நேராகவும் "சும்மா இருப்பது" என்று எழுதவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. அது எனக்கு உறைக்கவே இல்லை பாருங்கள். பரீட்சைக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று என்று இரண்டையும் இத்தனை வருசம் சுமந்திருக்கிறேன். உங்களைத் தரையில் பார்த்ததும் மனசில் இருந்தது வாயில் வந்துவிட்டது. நான் டயாலிசிஸ் வார்டு, அண்ணே. கிட்னியைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். மூளையைப் பற்றி எனக்குத் தெரியாது என்று அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தைரியம் வரவில்லை.

கிறிஸ்மஸ் முடிந்து வந்ததும் இங்கே மூளை டாக்டர் ஒருவரிடம் கேட்டேன். முதலில் சிரித்தார். ஏன் கேட்கிறேன் என்று சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். உங்கள் ரூம் கணக்கிலேயே சொல்கிறேன். தீபாவளி சீசனில் உங்கள் கம்பெனியில் எந்த ரூமாவது பூட்டிக் கிடந்ததா? மூளைக்கு வருசம் பூராவும் சீசன்தான். எல்லா ரூமிலும் ஆள் இருக்கிறது. நாம் தூங்கினாலும் அங்கே வேலை நிற்பதில்லை. தொண்ணூறு சும்மா கிடக்குமானால், மண்டையில் அடிபட்ட முக்கால்வாசிப் பேர் தூசியைத் தட்டிவிட்டு எழுந்து போக வேண்டாமா? அரிசி அளவு இடத்துக்கு ரத்தம் போகாவிட்டால்கூட ஒரு கை விழுந்துவிடுகிறது. எங்கள் வார்டிலேயே பார்த்திருக்கிறேன்.

ஒரு ஆறுதல் உண்டு, அது நிஜமான ஆறுதல். இடிந்த ரூமின் வேலையில் கொஞ்சத்தைப் பக்கத்து ரூம்காரர்கள் கற்றுக்கொள்ளலாமாம். எல்லாவற்றையும் இல்லை, கொஞ்சம். அதற்குப் பயிற்சியும் பொறுமையும் வேண்டும். அந்தப் பதினான்கு சொல் அப்படித்தான் வந்தது. மதினி காலையும் மாலையும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லி வந்தது. மணிச் சத்தத்தால் இல்லை.

எல்லா ரூமும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தால் அதற்குப் பெயர்தான் வலிப்பு. மாத்திரை அந்தக் கத்தலை அடக்குகிறது. திடீரென்று நிறுத்தினால் விடாமல் வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. காலில் விழுந்து கேட்கிறேன்.

தங்கை
ஜெஸ்லின்

*

திருத்தங்கல்
27.1.2025

ஜெஸ்லினுக்கு,

மாத்திரையை நிறுத்திப் பதிமூன்று நாள். ஒரு வலிப்பு இல்லை. சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள். உங்கள் டாக்டரிடம் போய்ச் சொல்லு, இன்னொரு தடவை சிரிக்கட்டும்.

ஹாஸ்டலில் கைதட்டின கதையை எல்லாம் எதற்கு எழுதுகிறாய்? விழுந்தவனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, நிற்க ஆரம்பித்ததும் "ஐயோ, அது என் கை இல்லை" என்று உருவிக்கொள்கிறவள் எப்பேர்ப்பட்ட தங்கச்சி? உனக்கு அது பொய் என்றால் நீ விட்டுவிடு. நான் விடமாட்டேன். விட்டால் எனக்கு என்ன மிஞ்சும் என்று யோசித்தாயா?

சீசனில் எந்த ரூமாவது பூட்டிக் கிடந்ததா என்று கேட்டிருக்கிறாய். அந்த வரியை மூன்று தடவை படித்தேன். எதை மனசில் வைத்துக் கேட்டாய்? யாராவது உன்னிடம் ஏதாவது சொன்னார்களா? லைசென்ஸ்படி ஒரு ரூமில் எத்தனை பேரோ அத்தனை பேர்தான் இருந்தார்கள். ரிஜிஸ்தரில் அப்படித்தான் இருக்கிறது, அதிகாரிகளும் பார்த்து எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். வெடியில் பஞ்சம்மாள் செத்துப்போனது அவள் விதி. அவள் புருசன் சங்கையா மனுவைத் தூக்கிக்கொண்டு அலைகிறானாம், அலையட்டும்.

இனி அந்தப் பேச்சு வேண்டாம்.

நேசகுமார்

*

சென்னை
3.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஷைலா சிரித்தாள் என்று படித்ததும் அழுதுவிட்டேன். கம்பெனியைப் பற்றி நான் ஒன்றும் மனசில் வைத்துக் கேட்கவில்லை. என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

மாத்திரையைப் பற்றியும் இப்போது சண்டை போடப் போவதில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவளுக்குக் காலைக் கஞ்சியும் ராத்திரிக் கஞ்சியும் மதினி கையால்தான் கொடுக்க வேண்டும். வேறு யாரும் ஊட்ட வேண்டாம். அம்மா கை பழகின கை, அவ்வளவுதான்.

தங்கை
ஜெஸ்லின்

*

திருத்தங்கல்
4.3.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ சண்டையை நிறுத்தியதில் பாதிக் கோபம் போய்விட்டது. மீதிக் கோபமும் இந்தக் கடிதத்தோடு போகட்டும் என்று நல்ல சேதி எழுதுகிறேன்.

மாத்திரை இல்லாமல் ஏழு வாரம் ஆகிறது. ஒரு தடவைகூட வெட்டி இழுக்கவில்லை. மாஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பார்த்ததிலேயே இதுதான் பெரிய வெற்றி" என்றார். இந்த மாதம் இருபத்து மூணாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, சிவகாசியில் மண்டபம் பிடித்துப் பெற்றோர்களுக்கு ஒரு கூட்டம் வைக்கிறார். ஷைலாவை மேடையில் உட்காரவைத்து நான் பேச வேண்டும். சபையில் சாட்சி சொல்கிற மாதிரி. ஷைலா போட்டோவோடு நோட்டீஸ் அடித்தாகிவிட்டது, நம் தெரு பிரஸ்ஸில்தான் ஓடியது. ஐயாயிரம் காப்பி.

நோட்டீஸைப் பார்த்துவிட்டு ஆலங்குளம் சிமெண்ட் பேக்டரியில் வேலை பார்க்கிற மணிமுத்து என்று ஒருத்தன் வீடு தேடி வந்தான். அவன் மகளுக்குப் பிறந்ததிலிருந்து வலிப்பாம். ஷைலாவை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். "அண்ணாச்சி, மாத்திரையை நெசமாவே நிப்பாட்டிட்டீகளா? பயமா இல்லையா?" என்று கேட்டான். "ஏலே, பயந்தவனுக்குப் பத்து, துணிஞ்சவனுக்கு நூறு" என்றேன். அவனும் ஞாயிற்றுக்கிழமை வருகிறான்.

நீயும் லீவு போட்டு வா. முதலில் சொன்னவள் நீ. மேடையில் உன் பேரைச் சொல்லத்தான் போகிறேன்.

அண்ணன்
நேசகுமார்

*

சென்னை
8.3.2025

அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். மணிமுத்து மகள் இல்லாவிட்டால் எழுதியிருக்கவே மாட்டேன்.

ஷைலாவுக்கு மாத்திரை நிற்கவே இல்லை. மதினி ஒரு வேளைகூடத் தவறாமல் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுக்கிறார்கள். ஜனவரியில் நீங்கள் ஜவுளிக்கடைப் பையோடு தூக்கிப் போட்டது பாதிதான். மீதி மதினியிடம் இருந்தது. தீர்ந்ததும் நான் இங்கிருந்து வாங்கி விருதுநகரில் மதினியின் அண்ணன் வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன். நீங்கள் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து மதினி எனக்குப் போன் பண்ணுவார்கள். "உங்கண்ணன் மூஞ்சியப் பாக்கப் பாவமா இருக்கு ஜெஸ்லின். அவுக நம்பிட்டுப் போகட்டும், பிள்ளை பிழைச்சுக் கெடந்தாப் போதும்" என்றார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஆனால் நீங்கள் மேடையேறிச் சொன்னால் எத்தனை வீட்டில் மாத்திரையை நிறுத்துவார்கள்? அந்த வீட்டில் எல்லாம் கஞ்சியில் கலந்து கொடுக்க ஒரு மதினி இருப்பார்களா? வலிப்பு வராமல் இருப்பது தொண்ணூறு திறந்ததால் இல்லை. மாத்திரையால். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம், அது ஊர்ப் பிள்ளைகளின் தட்டுக்குப் போகிறது, இனி முடியாது.

கூட்டத்துக்குப் போகாதீர்கள். மதினியைத் திட்டாதீர்கள். திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் அண்ணே.

ஜெஸ்லின்

*

திருத்தங்கல்
14.3.2025

ஜெஸ்லினுக்கு,

உளுந்து டப்பாவுக்குள் இருந்தது. இரண்டு அட்டை. அடுப்பில் போட்டுவிட்டேன்.

உன் மதினியை விருதுநகரில் அவள் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டேன். அவள் போனை நான் வாங்கி வைத்திருக்கிறேன். மாஸ்டர் சொல்லிவிட்டார். இத்தனை நாள் பிள்ளை பதினான்கு சொல்லிலேயே நின்றதற்குக் காரணம் நீங்கள் இரண்டு பேரும் திருட்டுத்தனமாகத் தூங்கவைத்ததுதான். இனிமேல்தான் உண்மையான பலன் தெரியும். கஞ்சி இப்போது நான்தான் ஊட்டுகிறேன்.

கூட்டம் நடக்கும். இனி எழுதாதே.

நேசகுமார்

*

சென்னை
18.3.2025

அண்ணே,

உங்கள் கடிதம் இப்போதுதான் கையில் வந்தது. நாலு நாள் ஆகிவிட்டதே. உங்களுக்கும் மதினிக்கும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன், போகவில்லை. என் நம்பர் மதினியின் போனோடு போய்விட்டதாம், அதனால்தான் எனக்குச் சொல்ல முடியவில்லை. மதினியின் அண்ணனிடம் பேசிவிட்டேன், மதினியைக் கூட்டிக்கொண்டு அவர் உடனே கிளம்புகிறார். நான் சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கிறேன்.

எனக்கு முன்னால் இது வந்து சேராது என்று தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன், பஸ் கிளம்பும்வரை கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. வலிப்பு வந்தால் ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிசத்தில் நிற்காவிட்டால் 108-க்குப் போன் பண்ணுங்கள். மாஸ்டருக்கு இல்லை. 108-க்கு.

நான் வந்த பிறகு இது வந்தால் பிரிக்காமல் கிழித்துப் போடுங்கள்.

ஜெஸ்லின்

*

சென்னை
22.5.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மதுரை ஆஸ்பத்திரியில் ஒரே வராந்தாவில் பத்தொன்பது நாள் இருந்தோம். நீங்கள் ஒரு பெஞ்சு, நானும் மதினியும் ஒரு பெஞ்சு. டீ வாங்கி வந்தால் என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனீர்கள். பேசியிருந்தால் வாயில் என்ன வந்திருக்குமோ.

எனக்கு ஒரு நினைப்பு விடமாட்டேன் என்கிறது. செப்டம்பரில் ஒரு பொய் சொன்னேன், அதில் நீங்கள் மாத்திரையை நிறுத்தினீர்கள். மார்ச்சில் ஒரு உண்மையைச் சொன்னேன், அதில் மதினி கொடுத்த மாத்திரையும் நின்றது. அந்தக் கடிதத்தை எழுதாமல் ஒரு பஸ் ஏறி நேரில் வந்திருந்தால் உங்கள் கையைப் பிடித்தாவது தடுத்திருப்பேன். லீவு கிடைக்காது என்று கடிதத்தோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கு என்னை நான் மன்னிக்கவே மாட்டேன்.

ஷைலாவை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு எப்படி இருக்கிறாள் என்று மதினி சொன்னார்கள். ஏற்கெனவே விழுந்த வலது கையோடு இப்போது வலது காலும் சுத்தமாக விழுந்துவிட்டது. பதினான்கு சொல்லில் பதின்மூன்று போய்விட்டது, அம்மாகூட வரவில்லை. நாலு மட்டும் இருக்கிறது. பேர் என்ன என்றாலும் நாலு, பசிக்கிறதா என்றாலும் நாலு. ஆஸ்பத்திரியில் ஒரு பயிற்சி நர்ஸ் சத்தமாக "எத்தனை பேர் இருக்கீங்க கூட?" என்று கேட்டபோது, பிள்ளை தலையை நிமிர்த்தி, பயந்த முகத்தோடு, "நாலு, நாலு" என்று வேகமாகச் சொன்னாள். அந்த முகத்தைப் பார்த்தேன். அது கணக்குச் சொல்கிற முகம் இல்லை அண்ணே.

அது என்ன நாலு என்று அங்கேயே மதினியிடம் கேட்டேன். "உங்க அண்ணன்ட்ட கேளு" என்று சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். வேறொன்றும் சொன்னார்கள். வெடித்த அன்றைக்கு ஷைலா காலை ஏழு மணிக்கே கம்பெனி வேனில் ஏறிப் போய்விட்டாளாம். சாப்பாடு கொடுக்கப் போகிற பிள்ளை காலை ஏழு மணிக்கு எதற்குப் போகிறது?

நான் போலீஸ் இல்லை. உங்கள் தங்கச்சி. கேட்க வேறு ஆள் இல்லாததால் கேட்கிறேன். அந்த ரூமில் எத்தனை பேர்?

ஜெஸ்லின்

*

திருத்தங்கல்
16.6.2025

அன்புள்ள ஜெஸ்லினுக்கு,

ஒம்பது பேர்.

மூன்று வாரமாக இந்த ஒரு வரியை எழுதிவிட்டு மேலே போக முடியாமல் இருந்தேன்.

லைசென்ஸ்படி ஒரு ரூமில் நாலு பேர்தான். போன தீபாவளி சீசனில் கடைசி நேரத்தில் வடக்கே இருந்து பெரிய ஆர்டர் வந்தது. ஆள் பத்தவில்லை. பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருந்தவளை, "ரெண்டு வாரம் வந்து கைகொடு பாப்பா" என்று நான்தான் கூப்பிட்டேன். பேக்கிங் ரூமில் ஏற்கெனவே எட்டுப் பேர். ஷைலா ஒம்பதாவது. இரண்டு வாசலில் ஒன்றை மறித்து அட்டைப்பெட்டியை அடுக்கச் சொன்னதும் நான்தான். பக்கத்து ரூம் வெடித்ததும் ஒம்பது பேரும் ஒரே வாசலுக்கு ஓடினார்கள். புதுசாக வந்தவள் என்று அவளைச் சுவர் ஓரமாகக் கடைசியில் உட்காரவைத்திருந்தேன். பஞ்சம்மாள் அவளை இழுக்கத் திரும்பி வந்ததாக மற்றவர்கள் சொன்னார்கள். நாலு பேர் என்றால் எல்லாரும் வெளியே வந்திருப்பார்கள். வெடித்த பிறகு, மற்றவர்கள் மரத்தடியில் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள் என்றும், என் மகள் சாப்பாடு கொடுக்க வந்தாள் என்றும் எழுதிக் கொடுத்தேன்.

நாலு என்னவென்று கேட்டாய். ஆபீசர் ஜீப் வந்தால் முன்வாசலில் மணி அடிக்கும். அடித்ததும் ரிஜிஸ்தரில் பேர் இல்லாதவர்கள் பின்பக்கமாக ஓடிவிட வேண்டும். இருக்கிறவர்கள், எத்தனை பேர் என்று கேட்டால் யோசிக்காமல் நாலு என்று சொல்ல வேண்டும். புதுசாக வருகிற எல்லாருக்கும் முதல் நாள் நான் சொல்லிக் கொடுப்பது அதுதான். வேலையைக்கூடப் பிறகுதான் சொல்லிக் கொடுப்பேன். ஷைலாவுக்கு வேனிலேயே சொல்லிக் கொடுத்தேன். அவள் சிரித்துச் சிரித்துத் தப்பாகச் சொன்னாள். "வெளையாட்டு இல்லட்டி, சரியாச் சொல்லு" என்று பத்துத் தடவை சொல்லவைத்தேன். மாஸ்டர் காதில் மணிச் சத்தம் போட்டபோதெல்லாம் அவள் ஏன் நாலு என்றாள் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். தெரிய வேண்டாம் என்று இருந்தேன். தொண்ணூறு சும்மா கிடக்கிறது என்றால் நான் செய்ததற்கு ஒரு வழி இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. அதுதான் உன் சொல்லைப் பிடித்துத் தொங்கின காரணம். உன்மேல் பிசகு இல்லை. நீ வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அதைப் பிடித்துத் தொங்கியிருப்பேன்.

மார்ச் பதினெட்டாம் தேதி நடந்ததை நீ கேட்கவில்லை. சொல்லிவிடுகிறேன். காலை எட்டு மணிக்குக் கஞ்சி ஊட்டும்போது வலது கை துடித்தது. அந்தக் கை ஆறு மாதமாக அசைந்ததே இல்லை. மாஸ்டருக்குப் போன் போட்டேன். "எழுந்துகொள்கிறது சார், தடுக்காதீர்கள்" என்றார். முதல் அரை மணி நேரம் நான் சந்தோசப்பட்டேன் ஜெஸ்லின். முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். உன் மதினி விருதுநகரிலிருந்து வந்து கதவைத் தட்டும்போது மணி பதினொன்று. அதுவரை உடம்பு வெட்டி இழுப்பது நிற்கவே இல்லை. உன் கடிதம் வீட்டுக்கு வந்தது இருபத்தி ரெண்டாம் தேதி. நான் கிழிக்கவில்லை. பைபிளுக்குள் வைத்திருக்கிறேன்.

மாஸ்டர் மண்டபக் கூட்டத்தை நடத்திவிட்டார். அதன் பிறகு ஆளைக் காணவில்லை, போனும் எடுப்பதில்லை. ஆலங்குளத்துக்கு நான் போய் வந்தேன். மணிமுத்து மாத்திரையை நிறுத்தவில்லையாம். அவன் பெண்டாட்டி வள்ளித்தாய் விடவில்லை. அந்தப் பிள்ளை வாசலில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நொண்டியடித்துப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தண்ணிகூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

கம்பெனி மறுபடி திறந்துவிட்டது. வரச்சொல்லி ஆள் விட்டார்கள். போகவில்லை. சங்கையாவின் மனுவை எடுத்து மறுபடி விசாரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நானே போய்ச் சங்கையாவைப் பார்த்தேன். அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். உட்காரச் சொல்லி நாற்காலி போட்டான், அது அடியைவிட வலித்தது.

நேற்று முன்தினம் விசாரணை அதிகாரி வீட்டுக்கே வந்தார். நான்தான் எழுதிப் போட்டு வரவழைத்தேன். இனி என்னைக் கொண்டுபோவார்கள். உன் மதினிக்குத் தெரியும். ஷைலாவுக்கு மாத்திரை வேளை தவறாமல் கொடுக்கிறாள், இப்போது பொடிக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. நீ மாதம் ஒரு தடவையாவது வந்து பார்த்துக்கொள்.

அதிகாரி முன்அறையில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். உள்ளே கட்டிலில் ஷைலா படுத்திருந்தாள், கதவு திறந்துதான் இருந்தது. "சம்பவத்தன்று அந்த அறையில் எத்தனை பேர்?" என்று கேட்டார்.

"ஒம்பது" என்றேன்.

உள்ளே இருந்து ஷைலா, "நாலு" என்றாள். நல்ல சத்தமாக, தெளிவாக. என்னைக் காப்பாற்றுகிற மாதிரி.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "பாப்பா நாலுன்னு சொல்லுதே?" என்றார்.

"அதை எளுதாதீக சார்" என்றேன். "அது நான் சொல்லிக் குடுத்தது."

உன் அண்ணன்
நேசகுமார்